ப்ரெத்ஸ்லாவா என்று பெயர் வைக்கலாமா?

அன்புள்ள ஐயா,

நான் நாகர்கோவிலில் இருந்து எழுதுகிறேன். என் மகள் பெலாரஸ் நாட்டில், வித்தெப்ஸ்க் நகரத்தில் டாக்டருக்குப் படிக்கிறாள். இப்போது நான்காம் வருஷம். போன புதிதில் அவளுக்கு ரஷ்ய மொழி சொல்லிக்கொடுத்த உள்ளூர்ப் பெண் ஒருத்தி இன்று கூடப்பிறந்த அக்கா மாதிரி ஆகிவிட்டாள். அந்தப் பெண்ணுக்குப் போன மாதம் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. குழந்தைக்கு ப்ரெத்ஸ்லாவா என்று பெயர் வைக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. பக்கத்தில் உள்ள பொலோத்ஸ்க் ஊரின் புனிதரான எவ்ஃப்ரோசினியாவுக்கு வீட்டில் வைத்த பெயர் அதுதானாம்.

மாமியார் ஒத்துக்கொள்ளவில்லை. "அந்தப் பெயரில் ஒரு புனிதர்கூட இல்லை, கோவிலில் எப்படி ஞானஸ்நானம் கொடுப்பார்கள்? தெருவில் ஒருத்திக்கும் இல்லாத பெயர் நம் குழந்தைக்கு எதற்கு?" என்கிறாராம். என் மகளுக்கும் ஆர்வம் வந்து இணையத்தில் தேடியிருக்கிறாள். ஒரு இடத்தில் 'ஸ்லாவியர்களின் முன்னோடி' என்று இருக்கிறது, இன்னொரு இடத்தில் 'புகழுக்கு முன்னால் நிற்பவள்' என்று இருக்கிறது. எது சரி? பெயர் ஏன் வழக்கொழிந்து போனது? ஸ்லாவிய வரலாற்றைப் பற்றி நீங்கள் அவ்வப்போது எழுதுவதைப் படிக்கிறேன், அதனால் உங்களிடம் கேட்கிறேன்.

ஒரு வாசகி, நாகர்கோவில்

*

அன்புள்ள அம்மா,

குழந்தைக்கும் தாய்க்கும் என் வாழ்த்துகள். மாமியாருக்கும் என் வணக்கத்தைச் சொல்லச் சொல்லுங்கள். அந்தப் பெயரில் புனிதர் இல்லை என்று அவர் சொல்வது சரிதான். எனக்கு இந்தப் பெயர்மேல் வெகுநாளாக இருக்கும் பிரியமே அதனால் வந்ததுதான். அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் சொல்லுக்கு என்ன பொருள் என்று பார்த்துவிடலாம்.

'ஸ்லாவா' என்றால் புகழ். இன்றும் ரஷ்ய மொழியிலும் உக்ரைன் மொழியிலும் அதுதான் அன்றாடச் சொல். இதன் வேர் 'கேட்டல்'. ஒருவரைப் பற்றி நாலு பேர் சொல்லக் காதில் விழுவதுதான் புகழ். 'சொல்' என்று பொருள்படும் 'ஸ்லோவோ'வும் இதே வேரில் கிளைத்தது. சமஸ்கிருதத்தில் 'ச்ரவஸ்' என்றால் புகழ், அதுவும் கேட்டலில் இருந்து வந்ததுதான். தமிழுக்கும் ஸ்லாவிய மொழிகளுக்கும் குடும்ப உறவு கிடையாது. ஆனால் நாம் கடன் வாங்கி வைத்திருக்கும் சுருதி, சிரவணம் ஆகிய சொற்களுக்கு உண்டு. அவை ஸ்லாவாவின் தூரத்து ஒன்றுவிட்ட சகோதரிகள்.

'ஸ்லாவியர்களின் முன்னோடி' என்ற விளக்கத்தை விட்டுவிடுங்கள். ரஷ்யர், உக்ரைனியர், போலந்துக்காரர் முதலானோரின் முன்னோரான அந்த மக்கள் பழங்காலத்தில் தங்களை 'ஸ்லோவேனே' என்று அழைத்துக்கொண்டார்கள், அதில் இருப்பது 'ஸ்லோ'. பெயரில் இருப்பது 'ஸ்லா'. ஓசை ஒற்றுமையை வைத்துப் பிற்காலத்தவர்கள் கட்டிய பொருள் அது.

'ப்ரெத்' என்றால் முன். இடத்தால் முன், காலத்தாலும் முன். 'ப்ரெத்கி' என்றால் முன்னோர், நம் சொல்லைப் போலவே கட்டிய சொல். பழைய வரலாற்றேட்டைப் புரட்டினால் பெயர் 'பெரெத்ஸ்லாவா' என்று இருக்கும், அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். கிழக்கு ஸ்லாவியர்களின் வாயில் 'பெரெத்' என்று வருவது திருச்சபையின் எழுத்து மொழியில் 'ப்ரெத்' என்று சுருங்கும். நகரம் என்று பொருள்படும் ஒரே சொல் நவ்கொரதில் 'கொரத்' என்றும் லெனின்கிராதில் 'கிராத்' என்றும் வருகிறதே, அதே கதை.

ஆக, முன்னிற்கும் புகழ், முதன்மையான புகழ் என்று சொல்லலாம். 'புகழுக்கு முன்னால் நிற்பவள்' என்பது அவ்வளவு பொருந்தவில்லை. ஆனால் இதற்குமேல் அகராதியைப் பிடித்துக்கொண்டு நிற்பதில் பயனில்லை. பழைய ஸ்லாவிய உயர்குடிகளின் பெயர்கள் இரண்டு துண்டுகளை இணைத்துச் செய்தவை. அந்தத் துண்டுகள் குடும்பச் சொத்து. அப்பன் பெயரில் இருந்து ஒரு துண்டை எடுத்து, அதோடு வேறொன்றைச் சேர்த்து, பிள்ளைக்கு வைப்பார்கள். முழுப் பெயருக்கு ஒரு வாக்கியம் போலப் பொருள் வர வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

பொலோத்ஸ்க் அரச குடும்பத்தையே பாருங்கள். கீவில் ஆண்ட விளாதிமிருக்கும் பொலோத்ஸ்க் இளவரசி ரோக்னெதாவுக்கும் பிறந்தவன் இஸ்யாஸ்லாவ். அவன் மகன் பிரியாசிஸ்லாவ். அவன் மகன் வ்செஸ்லாவ். அவன் மகன் ஸ்வியாதஸ்லாவ். அவன் மகள்தான் நம் ப்ரெத்ஸ்லாவா. ஐந்து தலைமுறை விடாமல் 'ஸ்லாவ்'. ப்ரெத்ஸ்லாவாவின் தங்கை கொரோதிஸ்லாவா, நகரத்தின் புகழ். சித்தப்பா பெரியப்பா வழியில் இன்னொரு சகோதரி ஸ்வெனிஸ்லாவா, கணீரென்று ஒலிக்கும் புகழ். இந்த மூன்று பெண்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பெயருக்குப் பொருள் கேட்டால் அதை முன்பு சுமந்தவர்களைப் பற்றிச் சொல்வதுதான் சரியான பதில் என்பது என் எண்ணம். நம் பேரன், பேத்தி என்ற சொற்களே பெயரைத் தாங்குகிறவர்கள் என்பதால் வந்தவைதானே. ப்ரெத்ஸ்லாவா என்ற பெயரைச் சுமந்த பெண்கள் வரலாற்றில் அதிகம் பேர் இல்லை. ஆனால் ஒருத்திகூடச் சாதாரணமானவள் இல்லை.

முதலாமவள் 944-இல் வருகிறாள். கீவை ஆண்ட இகோர், கான்ஸ்டாண்டிநோபிளில் இருந்து ஆண்ட பைசாந்திய அரசோடு ஒப்பந்தம் செய்துகொண்டபோது யார் யாருடைய தூதர்கள் வந்தார்கள் என்று ஒரு நீண்ட பட்டியல் எழுதினார்கள். இவோர், வூயெஃபாஸ்த், ஷிக்பெர்ன் என்று பெரும்பாலும் வடக்கே கடல் தாண்டி வந்த ஸ்காண்டிநேவியப் பெயர்கள். இகோரின் மனைவி ஓல்காவின் பெயர்கூட அங்கிருந்து வந்ததுதான், ஹெல்கா. அதற்கு நடுவில் ஒரு வரி: ப்ரெத்ஸ்லாவாவின் தூதன் கனித்ஸார். தன் பெயரில் தனித் தூதனை அனுப்பும் நிலையில் இருந்த ஒரு பெண். அந்தப் பட்டியலில் ஸ்லாவியப் பெயரோடு இருக்கும் பெண் இவள் ஒருத்திதான். அதைப் படித்த அன்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் ஒரு ஊர். கீவில் லீபித் ஆற்றங்கரையில் விளாதிமிர் ரோக்னெதாவைக் குடிவைத்த இடத்தைப் பற்றிச் சொல்லும்போது, 'இன்று ப்ரெத்ஸ்லாவினோ என்ற சிற்றூர் இருக்கும் இடம்' என்று வரலாற்றேடு குறிக்கிறது. கீவில் இன்றும் ப்ரெத்ஸ்லாவின்ஸ்கா என்று ஒரு தெரு உண்டு. பெண்ணின் பெயர் ஊருக்குப் போய், ஊரின் பெயர் தெருவுக்கு வந்து நின்றிருக்கிறது.

விளாதிமிரின் மகள் ஒருத்திக்கும் இந்தப் பெயர்தான். ரோக்னெதாவின் மகளாகவே அவளைக் கருதுகிறார்கள். 1015-இல் விளாதிமிர் இறந்ததும் ஸ்வியாதபோல்க் கீவைப் பிடித்துக்கொண்டு தம்பி போரிஸைக் கொன்றான். அடுத்த கொலை விழுவதற்குள் எச்சரிக்க வேண்டும் என்று நவ்கொரதில் இருந்த சகோதரன் யாரோஸ்லாவுக்குச் செய்தி அனுப்பியவள் ப்ரெத்ஸ்லாவா. அப்பா போய்விட்டார், ஸ்வியாதபோல்க் கீவில் உட்கார்ந்திருக்கிறான், போரிஸைக் கொன்றுவிட்டான், இன்னொரு தம்பி கிளேபுக்கும் ஆள் அனுப்பியிருக்கிறான், நீ ஜாக்கிரதையாக இரு. அவ்வளவுதான் செய்தி. அந்த யாரோஸ்லாவ் பிழைத்தான், பின்னால் 'அறிஞன்' என்று பட்டம் பெற்றான். அவளுக்கு என்ன கிடைத்தது? 1018-இல் போலந்தின் போலெஸ்லாவ் கீவுக்குள் நுழைந்தபோது அவளைத் தூக்கிக்கொண்டு போனான். அவள்மேல் அவனுக்கு முன்பே கண் இருந்தது என்று அந்தக் காலத்து ஜெர்மானிய ஆயர் தீத்மார் எழுதி வைத்திருக்கிறார். அவள் ஊர் திரும்பியதாக எந்த ஏட்டிலும் வரி இல்லை.

1104 ஆகஸ்ட் 21-ஆம் தேதி இன்னொரு ப்ரெத்ஸ்லாவா, கீவின் ஸ்வியாதபோல்க் என்ற வேறொருவனின் மகள், ஹங்கேரி இளவரசனுக்கு மணமுடிக்க அனுப்பப்பட்டாள். அவளைப் பற்றி ஏட்டில் இருப்பது அந்த ஒரு வரிதான்.

சரி, இப்போது பொலோத்ஸ்குக்கு வருவோம்.

நம் ப்ரெத்ஸ்லாவா 12-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிறந்தவள். அவளுடைய சரித்திரத்தைப் பழங்காலத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். 12 வயதில் கல்யாணப் பேச்சு எடுத்தார்கள். அவள் வீட்டை விட்டுப் போய், கணவனை இழந்து மடத்தில் தலைவியாக இருந்த உறவுக்காரப் பெண்மணியிடம் நின்றாள். துறவு வாங்கிக்கொண்டாள். துறவில் வைத்த கிரேக்கப் பெயர் எவ்ஃப்ரோசினியா, 'மகிழ்ச்சி' என்று பொருள். அலெக்சாந்திரியாவில் இருந்த பழைய எவ்ஃப்ரோசினியாவும் கல்யாணத்துக்குத் தப்பி மடத்துக்கு ஓடிப்போனவள்தான். பெயரைத் தேர்ந்தவர்கள் யோசித்துத்தான் தேர்ந்திருக்கிறார்கள்.

அப்புறம் பொலோத்ஸ்கின் சோஃபியா பேராலயத்தில் ஒரு கல் அறையில் தங்கி, தன் கையாலேயே புத்தகங்களைப் படியெடுத்தாள். வந்த பணத்தை இல்லாதவர்களுக்குக் கொடுத்தாள். ஊருக்கு வெளியே கிடைத்த இடத்தில் மடம் தொடங்கினாள். தங்கை கொரோதிஸ்லாவாவுக்கு எழுத்துச் சொல்லித்தருகிறேன், அனுப்புங்கள் என்று அப்பாவிடம் கேட்டாள். அனுப்பினார்கள். தங்கையும் துறவியாகி எவ்தோக்கியா ஆனாள். அப்பா ஓடிவந்து, துக்கத்தின்மேல் துக்கத்தை வைத்துவிட்டாயே மகளே என்று அழுததைச் சரித்திரம் மறைக்காமல் சொல்கிறது. அடுத்து ஸ்வெனிஸ்லாவா வந்தாள், கல்யாணத்துக்குச் செய்து வைத்த பொன்நகைகளையும் துணிமணிகளையும் சுமந்துகொண்டு. அவள் எவ்ப்ராக்ஸியா ஆனாள்.

முன்னிற்கும் புகழ், நகரத்தின் புகழ், ஒலிக்கும் புகழ். ஒரே வீட்டின் மூன்று ஸ்லாவியப் பெயர்கள் ஒரே வாசலில் உதிர்ந்துபோயின.

அந்தப் பெண்கள் விரும்பித்தான் போனார்கள். அவர்கள் சார்பில் நான் வருத்தப்பட எந்த உரிமையும் இல்லை. ஆனாலும் பெயர்களுக்காக வருத்தமாகத்தான் இருக்கிறது. என் சித்தி ஒருத்தர் கன்னியாஸ்திரீ. மடத்தில் அவருக்கு வேறு பெயர். ஊரில் எல்லோரும் அந்தப் பெயரோடு 'சிஸ்டர்' சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள், நாங்களும் அப்படித்தான். ஆச்சி மட்டும் கடைசி வரைக்கும் வீட்டுப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார். விடுமுறைக்கு வந்த சித்தி வெள்ளை உடுப்போடு முற்றத்தில் நிற்க, அடுக்களைக்குள் இருந்து அந்தப் பெயர் வரும். சித்தியின் முகம் ஒரு நொடி பாவாடை கட்டிய சிறுமியின் முகமாக மாறுவதை நான் பார்த்திருக்கிறேன். ஆச்சி போன பிறகு அந்தப் பெயரைச் சொல்ல ஆள் இல்லை.

1161-இல் எவ்ஃப்ரோசினியா தன் மடத்துக்காக ஒரு சிலுவை செய்யச் சொன்னார். அரை மீட்டருக்குச் சற்று அதிக உயரம், ஆறு முனைகள், உள்ளே மரம், மேலே தங்கத் தகடும் வெள்ளித் தகடும், எனாமலில் புனிதர்களின் முகங்கள், ஓரமெல்லாம் முத்து. அதன் பக்கவாட்டுத் தகடுகளில் சுற்றிச் சுற்றி ஒரு வாசகம் ஓடுகிறது. 6669-ஆம் ஆண்டில் (உலகம் படைக்கப்பட்டதில் இருந்து எண்ணும் பழைய கணக்கு) ஒஃப்ரோசினியா இந்தச் சிலுவையைத் தன் மடத்தில் வைக்கிறாள் என்று தொடங்குகிறது. உள்ளே இருக்கும் புனித மரத்துக்கு விலை கிடையாது, பொன்னும் வெள்ளியும் கல்லும் முத்தும் 100 கிரிவ்னா (அந்தக் காலத்துப் பணக் கணக்கு) பெறும் என்று சொல்கிறது. இதை மடத்தை விட்டு எடுத்துப் போகிறவனுக்கும் விற்கிறவனுக்கும் யூதாஸோடு பங்கு கிடைக்கட்டும் என்று சாபமிடுகிறது. ஏட்டில் இருக்கும் 'எவ்ஃப்ரோசினியா' இங்கே 'ஒஃப்ரோசினியா' என்று பேச்சு வழக்கில் நிற்பதைப் பாருங்கள்.

இன்னொரு மூலையில் பொடி எழுத்தில் கைவினைஞரின் வேண்டுதல் இருக்கிறது: ஆண்டவரே, இந்தச் சிலுவையைச் செய்த, போக்ஷா எனப்படும் உம் ஊழியன் லாசருக்கு உதவும். லாசர் அவருக்கு ஞானஸ்நானத்தில் கிடைத்த பெயர். போக்ஷா ஊர் கூப்பிட்ட ஸ்லாவியப் பெயர். அந்தப் பொற்கொல்லர் இரண்டையும் தங்கத்தில் பதித்துவிட்டுப் போயிருக்கிறார். அரச வீட்டுப் பெண்ணுக்கு ஒன்றுதான் பதிந்தது. துறவிக்குப் பழைய பெயர் செத்துப்போன பெயர், அதுதான் விதி.

(அந்தச் சிலுவை 1941-இல், போர்க்காலத்தில், பெலாரஸின் மொகிலியோவ் நகரத்தில் இருந்து காணாமல் போனது. இதுவரை கிடைக்கவில்லை. பொலோத்ஸ்கில் இன்று இருப்பது 1997-இல் செய்து முடித்த நகல்.)

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி, மாமியாரின் கேள்வியும் அதுதான். பெயர் ஏன் ஒழிந்தது?

1917 புரட்சி வரைக்கும் அங்கே குழந்தைக்குப் பெயர் வைப்பது திருச்சபையின் கையில் இருந்தது. பிறப்பைப் பதிவு செய்ததே கோவில் ஏட்டில்தான். ஞானஸ்நானப் பெயர் புனிதர் நாள்காட்டியில் இருந்து வர வேண்டும். நாள்காட்டியில் இல்லாத பெயர் சில நூற்றாண்டுகள் வீட்டுக்குள் ஓடும், பிறகு அதுவும் நிற்கும். கொரோதிஸ்லாவாவும் ஸ்வெனிஸ்லாவாவும் நூற்றுக்கணக்கான வேறு பெயர்களும் அப்படித்தான் போயின. நாள்காட்டியில் இடம் பிடித்த ஸ்லாவியப் பெயர்கள் சிலதான். பெண்களில் லுத்மிலா உண்டு, 921-இல் கொல்லப்பட்ட செக் நாட்டுப் புனிதர். வேரா, நதேஷ்தா, லியுபோவ் என்ற மூன்றும் விசுவாசம், நம்பிக்கை, அன்பு ஆகிய கிரேக்கப் பெயர்களின் மொழிபெயர்ப்புகள். பவுலுக்கு 'சின்னவர்' என்ற லத்தீன் பொருளைப் பிடித்து நம் பக்கத்தில் சின்னப்பர் என்று வைத்தார்களே, அதே வேலை.

இங்கேதான் எனக்கு மனசு ஆறாத ஓர் இடம் இருக்கிறது. ஓல்காவின் ஞானஸ்நானப் பெயர் எலேனா. விளாதிமிருக்கு வசீலி. போரிஸுக்கு ரோமன், கிளேபுக்கு தாவீது. ஆனால் இவர்கள் புனிதர்கள் ஆனபோது மக்கள் எந்தப் பெயரில் அறிந்தார்களோ அந்தப் பெயரோடுதான் நாள்காட்டிக்குள் போனார்கள். அதனால்தான் இன்று ஓல்காக்களும் விளாதிமிர்களும் போரிஸ்களும் இலட்சக்கணக்கில் இருக்கிறார்கள். இவர்கள் துறவிகள் இல்லை, ஆட்சி செய்தவர்கள், ஆட்சிக்காகச் செத்தவர்கள். ப்ரெத்ஸ்லாவா துறவி. அவர் புனிதர் ஆனபோது நாள்காட்டிக்குள் போனது எவ்ஃப்ரோசினியா. அந்தப் பெயர் கிராமம் கிராமமாகப் பரவி, ஃப்ரோஸ்யா என்று செல்லமாகத் தேய்ந்து, எத்தனையோ பாட்டிகளின் பெயராக ஆயிற்று. அதே பெண்ணின் இன்னொரு பெயர் வாசலிலேயே நின்றுவிட்டது. ஒரு விதி மட்டும் மாறியிருந்தால் இன்று வித்தெப்ஸ்க் தெருவில் நாலு ப்ரெத்ஸ்லாவாக்கள் எதிரே வந்திருப்பார்கள்.

ஆகவே மாமியாரிடம் இப்படிச் சொல்லலாம்: அந்தப் பெயரில் புனிதர் இல்லை, ஆனால் அந்தப் பெயருக்குரியவர் புனிதர்.

வழியும் இருக்கிறது. ஸ்வெத்லானா என்ற பெயர் எப்படி நிலைத்தது என்று பாருங்கள். 'ஒளி' என்ற சொல்லில் இருந்து கவிஞர்கள் உருவாக்கிய பெயர் அது. 1802-இல் வஸ்தோகவ் பயன்படுத்தினார், 1813-இல் ஜுகோவ்ஸ்கியின் கதைப்பாடல் அதை வீடுதோறும் கொண்டு போனது. ஆனால் ஒரு நூறு வருஷம் அந்தப் பெயரில் ஞானஸ்நானம் கிடையாது. புரட்சிக்குப் பிறகு பெண்குழந்தைகளுக்கு அள்ளி அள்ளி வைத்தார்கள். கோவிலுக்கு வந்தபோது ஒளி என்றே பொருள்படும் கிரேக்கப் புனிதர் ஃபோத்தினியாவின் பெயரைக் கொடுத்தார்கள். வீட்டில் ஸ்வெத்லானா, கோவிலில் ஃபோத்தினியா. யாருக்கும் சங்கடம் இல்லை.

உங்கள் மகளின் சிநேகிதிக்கு அந்தச் சுற்றுவழிகூட வேண்டாம். பதிவேட்டில் ப்ரெத்ஸ்லாவா என்று எழுதட்டும், ஞானஸ்நானத்தில் எவ்ஃப்ரோசினியா என்று கொடுக்கட்டும். இரண்டும் ஒரே பெண்ணின் பெயர்கள். ஏறத்தாழ 900 வருஷத்துக்கு முன்பு பிரிந்தவை அந்தக் குழந்தையிடம் ஒன்றாகச் சேரும். பெயர்த் திருநாள் ஜூன் 5, பொலோத்ஸ்க் புனிதரின் நாள். கூப்பிட நீளமாக இருக்கிறது என்று யாராவது சொன்னால், யாரோஸ்லாவாவையும் மிரோஸ்லாவாவையும் அங்கே எப்படிச் சுருக்குகிறார்களோ அப்படியே ஸ்லாவா என்று கூப்பிடலாம். பாட்டிக்கு ஃப்ரோஸ்யா பிடிக்கும் என்றால் அதுவும் உரிமையுள்ள பெயர்தான், அவர் அப்படியே கூப்பிடட்டும்.

உங்கள் மகளிடம் ஒன்று சொல்லுங்கள். அடுத்த முறை பொலோத்ஸ்க் போனால் மடத்துக்குள் இருக்கும் மீட்பர் கோவிலைப் பார்க்காமல் வரக்கூடாது. எவ்ஃப்ரோசினியா கட்டிய அதே கோவில்தான், 30 வாரத்தில் எழுப்பினார்கள் என்று சரித்திரம் சொல்கிறது. 12-ஆம் நூற்றாண்டின் சுவரோவியங்கள் இன்னும் இருக்கின்றன. மேற்குச் சுவரின் கனத்துக்குள்ளேயே குடைந்த ஒரு படிக்கட்டு உண்டு, ஆள் ஒருவர் தோளை ஒடுக்கிக்கொண்டுதான் ஏற முடியும். மேலே பாடகர் மேடைக்குப் பக்கத்தில் சின்ன அறை. அவர் தங்கியிருந்த அறை என்று காட்டுகிறார்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு சிநேகிதியும் கூட ஏறட்டும், மேலே போனதும் குழந்தையின் பெயரை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிக் கூப்பிடட்டும்.

அன்புடன்.